நீர்யானை வாங்கிய கையெழுத்து

"ஃபைலுக்குள்ள போயிடுச்சுடி! இப்ப மேனேஜர் மேசையில இருக்கு!"

சரக்கு அலுவலகத்தின் மாடிப்படி மூலையில் நின்று, கோடு கைப்பேசியில் கிசுகிசுத்தாள்.

"எது?" என்றாள் மறுமுனையில் புள்ளி.

"இந்த வெள்ளிக்கிழமைப் படம்."

கல்லூரியில் இருவரும் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியபோது ஒட்டிக்கொண்ட பெயர்கள் இவை. கோடு படம் வரைவாள். புள்ளி அதன் கீழ் ஒரு வரி எழுதி முடித்துவைப்பாள். பத்திரிகை நாலாவது இதழோடு கண்ணை மூடிவிட்டது. பழக்கம்தான் மூடவில்லை. ஒருத்தி எழுத்தர், இன்னொருத்தி வேறு ஊரில் பல் மருத்துவர் என்று ஆன பிறகும், இருபத்தாறு வருடமாக வெள்ளிதோறும் ஒரு படம், ஒரு வரி. கல்யாணமோ பிரசவமோ அதை நிறுத்தியதில்லை.

"யாரை வரைஞ்சே?"

"மேனேஜரைத்தான். நீர்யானையா. மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு, தூங்கிக்கிட்டே சீல் குத்தற மாதிரி."

புள்ளி சிரித்த சிரிப்பில், அங்கே நாற்காலியில் வாயைத் திறந்திருந்த நோயாளி என்ன ஆனாரோ! "ஒரு தாள் விட்டுப்போச்சுன்னு சொல்லித் திரும்ப வாங்கிடு" என்றாள்.

கோடு உள்ளே போனாள். "சார், அந்தக் கிடங்குக் கூரை ஃபைல்ல ஒரு தாள் விட்டுப்போச்சு..."

மேலாளர் சட்டென்று ஃபைல் மேல் இரண்டு கையையும் வைத்து மூடினார். முகம் சிவந்திருந்தது. "அப்படியா? நானே ஒவ்வொரு தாளாப் பாத்துக்கறேன். நீங்க போங்க."

மறுபடியும் மாடிப்படி. மறுபடியும் கைப்பேசி.

"வேற ஃபைலுங்களை மேல மேல அடுக்கு. அமுங்கிடும்."

மூன்று மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஃபைல்களையெல்லாம் தட்டி எழுப்பி, அட்டெண்டரிடம் கொடுத்து உள்ளே அனுப்பினாள். அடுத்த நிமிடம் அறைக்குள்ளிருந்து குரல் வெடித்தது.

"இவ்வளவு பாக்கியா? நாளைக்கு லீவு கிடையாது! எல்லாரும் வரணும்!"

அலுவலகமே அவளை முறைத்தது. அவளுக்கு நாற்காலியில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மூன்று தடவை தண்ணீர் குடித்தாள்.

"கரண்டை நிறுத்து. இருட்டுல எதைப் பாப்பாரு?" என்றாள் புள்ளி, பின்னணியில் பல்லைக் குடையும் சத்தத்தோடு.

மெயின் சுவிட்ச் இறங்கியது. மேலாளர் அந்த ஒரு ஃபைலை மட்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். கூடத்து ஜன்னலோரம், எல்லாருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்து பிரித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்கியது.

"பாத்துட்டாருடி. கோபத்துல உடம்பே ஆடுது."

"நீ வரையலைன்னு சாதிச்சுடு. ஏதோ குழந்தை கிறுக்கினதுன்னு சொல்லு."

கோடு படிக்கட்டே அதிரக் கத்தினாள். "குழந்தை கிறுக்கினதா? அந்த ஒரு கண்ணிமைக்கு எத்தனை தடவை அழிச்சு வரைஞ்சேன் தெரியுமா? நான் போட்ட கோட்டை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். வேலை போனா போகட்டும்!"

பல் குடையும் சத்தம் நின்றது.

"இதுதான்டி என் கோடு" என்றாள் புள்ளி மெதுவாக. "வேலை போச்சுன்னா இங்க வந்துடு. என் கிளினிக் சுவரு முழுக்க வெள்ளையாத்தான் கெடக்கு."

கோடு ஒரு தாளை இழுத்து மடமடவென்று எழுதினாள்: 'அந்த நீர்யானை தாங்களே. வரைந்தது நானே. ஃபைலில் வைத்ததற்கு வருந்துகிறேன், வரைந்ததற்கு அல்ல.' கீழே முழுக் கையெழுத்துப் போட்டு, உறையிலிட்டு ஒட்டி, நேராக மேலாளரிடம் நீட்டிவிட்டு இருக்கைக்குத் திரும்பினாள். நெஞ்சு லேசாகியிருந்தது.

ஜன்னலோரம் உறை கிழிபடும் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து அட்டெண்டர் வந்து அவள் காதோரம் குனிந்தார்.

"மேடம், ஃபைல்ல யாரோ நம்ம டைரக்டரை நீர்யானையா வரைஞ்சு வச்சிருக்காங்களாம், சார் காலையிலேருந்து விழுந்து விழுந்து சிரிக்கறாரு, அந்தக் கையைப் பிடிச்சுக் குலுக்கணும், யாருன்னு விசாரிச்சுட்டு வான்னாரு... உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"