மூன்று பேரும் இரண்டு ரயில்களும்

கூட்டல் சரியாகத் தெரியாமலே ஒரு மனுசி நாற்பத்திரண்டு வயதுவரை வாழலாம். நான் வாழ்ந்திருக்கிறேன்.

இறைச்சித் தொழிற்சாலைக் குளிரில் பத்து வருடம் நின்று என் விரல்கள் மரத்துவிட்டன. முதியோர் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்தால் தப்பலாம். அதற்குக் கணிதத்தில் சித்தியடைய வேண்டும். முதல் தடவை கோட்டை விட்டிருந்தேன். இது கடைசித் தடவை.

வாய்மொழித் தேர்வு ஆர்ஹுஸ் நகரத்தில். எங்கள் ஊர் வைலேயிலிருந்து நான், கணவர், மகள் புறப்பட்டோம். வாசலில் எனக்குப் பொறி தட்டியது. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போவதா?

"நானும் பிள்ளையும் முதல் ரயிலிலை போறம். நீங்கள் அடுத்ததிலை வாங்கோ."

"ஓம், நான் அடுத்த ரயிலிலை வாறன்," என்றார். (மறுத்துப் பேசத் தெரியாத மனுசன். என் மூடத்தனம் வளர்ந்ததே அதனால்தான்.)

மகள் டேனிஷில் ஏதோ முணுமுணுத்தாள். அதை இங்கே எழுத முடியாது.

தேர்வறையில் கேள்வித்துண்டை எடுத்தேன். எழுத்துகள் எறும்பாய் ஊர்ந்தன. என் கண்ணாடி கணவரின் பையில் இருந்தது. ஆசிரியையே வாசித்தார்: "மூன்று எண்களைக் கூட்டும்போது எந்த இரண்டை முதலில் சேர்க்கிறோம் என்பதால் விடை மாறுமா? வாழ்க்கையிலிருந்து உதாரணம் சொல்லுங்கள்."

படித்ததெல்லாம் பறந்துவிட்டது. காலையில் நடந்தது மட்டும்தான் தலையில் நின்றது. அதையே சொன்னேன். மூன்று பேராகப் போகக்கூடாது, அதனால் இரண்டு பேர் முதலில், ஒருவர் பிறகு.

ஆசிரியை சிரிக்கவில்லை. பலகையில் இரண்டு ஒன்றுகளை அடைப்புக்குள் போட்டு, பக்கத்தில் இன்னொரு ஒன்றைக் கூட்டினார்.

"அப்படியானால் ஆர்ஹுஸில் எத்தனை பேர்?"

"மூன்று," என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. எப்படிப் பிரித்தாலும் மூன்று மூன்றுதான் என்று மகள் ஒரு மாதமாகத் தொண்டை வற்றச் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

கதவு தட்டப்பட்டது. மூச்சிரைக்க, கண்ணாடியோடு கணவர் நின்றார்.

"மூன்றாவது ஆள்," என்று ஆசிரியை குறித்துக்கொண்டார்.

எனக்கு 02 புள்ளி கிடைத்தது; இந்த நாட்டில் அப்படித்தான் எழுதுவார்கள். சித்தியடைய அது போதும். (முன்னால் நிற்கிற சைபர் எதையும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை.)

அதன்பிறகு நாங்கள் மூவரும் கடைக்குப் புறப்பட்டாலும் அவர் வாசலில் நின்று, "நான் அடுத்த ரயிலிலை வாறன்," என்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

போன வருடம் அவர் போய்விட்டார். இப்போது நானும் மகளும் இரண்டு பேர்தான். பிரிந்து போகத் தேவையில்லை. என்னோடு எப்போதும் டேனிஷில் கதைக்கிற பிள்ளை, கதவைப் பூட்டும்போது மட்டும் தமிழில் சொல்கிறாள்:

"அப்பா அடுத்த ரயிலிலை வாறார், அம்மா."

"ஓம்," என்கிறேன்.