முப்பது கண் வலை

பலகணி நாட்டில் கதவுகளுக்கு அதிக வேலை இல்லை. காய்கறி, கல்யாணச் சேதி, ஊர்வம்பு, நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் சன்னல் வழியாகத்தான் வரும், சன்னல் வழியாகத்தான் போகும். ஆகவே எவருடைய சன்னல் அதிக வீடுகளில் இருக்கிறதோ அவரே ஐந்தாண்டு ஆள்வது என்று முன்னோர்கள் விதி செய்து வைத்திருந்தார்கள். தனியாக வாக்குச்சீட்டு தேவைப்படவில்லை. சுவரே சீட்டு.

நம் கதை நடக்கும்போது ஆண்டவர்கள் பலகணியார். அவர்கள் சன்னல் முற்றிலும் இலவசம். மரம், கண்ணாடி, பூச்சு, மாட்ட வருகிற ஆள், அவன் குடிக்கிற மோர் வரைக்கும் அரண்மனைச் செலவு. பலகணி என்றால் பல கண்களை உடையது என்று பள்ளிக்கூடத்தில் பொருள் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கண்கள் தெருவைப் பார்க்கின்றனவா, வீட்டைப் பார்க்கின்றனவா என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாத்தியார் பாடு திண்டாட்டம்தான்.

கேட்கக்கூடியவள் ஒருத்தி இருந்தாள். தச்சர் வீதிப் பூங்காவனம். கோயில் பிரசாதத்தைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாயில் போடுவாள். "சரியான சந்தேகப்பிராணி" என்று வீதியே அவளைச் சொல்லும். அவள் கணவன் ஏகாம்பரம் அதற்கு நேர் எதிர். ஓசி என்றால் இரண்டு கையையும் நீட்டுகிற மனிதன்.

"சும்மா குடுக்கறான்டி. வாங்கி மாட்டினா உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"சும்மா குடுக்கறவன் சன்னலுக்கு அளவெடுத்தா சரி. அடுக்களையை எதுக்குங்க அளந்துட்டுப் போறான்?"

ஆனாலும் சன்னல் மாட்டியாயிற்று.

பலகணிச் சன்னலின் சட்டத்தைச் சுற்றி வட்டக் கொக்கிகள் இருந்தன. யார் வேண்டுமானாலும் எதையாவது செய்து அதில் தொங்கவிடலாம். மக்கள் அதற்குத் தொங்கல் என்று பெயர் வைத்தார்கள். கத்தரிக்காய் விலையைக் கேட்டதும் அடுத்த தெரு விலையைச் சொல்லிவிடும் கிளி ஒரு தொங்கல். அயல்தேசத்துக்காரன் பேசினால் தமிழில் திருப்பிச் சொல்லும் பொம்மை இன்னொன்று. எதிர்க்கட்சியான காலதரார் சும்மா இருப்பார்களா? காலதர் என்றால் காற்று வரும் வழி என்று தூயதமிழில் பெயர் வைத்துக்கொண்டு, "பலகணித் தொங்கல் அத்தனையும் எங்கள் சன்னலிலும் தொங்கும்!" என்று முரசு அறைந்தார்கள். பலகணியார் உடனே ஒரே சன்னலில் நாற்பது கதவு வைத்தார்கள். சனங்கள் நாற்பதையும் திறந்து வைத்துவிட்டு, கீரைக்காரி எந்தக் கதவில் நிற்கிறாள் என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

இருந்தாலும் தொங்கல்களில் ராஜா கொசுவலைதான். நாட்டில் கொசு அப்படி. அது தானாக வந்த கொசுவும் அல்ல. அரண்மனைக்கு ஒரு கொசுப் பண்ணை இருந்தது. இதில் ரகசியம் ஒன்றுமில்லை, பெயர்தான் வேறு: அன்புத் தூதர் வளர்ப்பகம். ஒரு தூதர் வந்து உங்களைக் கடித்துவிட்டுப் போனால் உங்கள் இரத்தத்தில் என்ன குறை, என்ன ஆசை என்று அரண்மனைக்குத் தெரிந்துவிடும். தொண்டை கட்டும் முன்பே சுக்கு விற்பவன் சன்னலில் நிற்பான்.

"நேத்துதான் மனசுல நினைச்சேன், இன்னிக்கு வந்து நிக்குது பாரு!" என்று ஏகாம்பரம் பூரித்துப்போவார்.

ஒருநாள் காலை எதிர்வீட்டு அலர்மேலுவின் சன்னலில் ஒரு மாங்காய்க்காரன் வந்து நின்றான். "பச்சை மாங்கா, புளிப்பு மாங்கா, மசக்கைக்கு நல்லது தாயீ!" என்று கூவினான். அலர்மேலு அதுவரை மாமியாரிடம்கூட வாயைத் திறக்கவில்லை. மதியத்துக்குள் வீதி முழுக்கத் தெரிந்துபோயிற்று. மாமியார் கண் பட்டுவிடுமென்று பயந்து, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். வீதியே இருமித் தீர்த்தது.

"நல்லா நெடி ஏறுது. கண்ணு ஒண்ணும் படலை. பட்டிருந்தா மிளகா நெடியே இல்லாம எரியும்" என்று மாமியார் நிம்மதியாகச் சொன்னாள்.

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பூங்காவனம் மட்டும் அலர்மேலுவின் கையைப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு கடி. அன்றைக்கே கடைக்குப் போய், கடுகு நுழையாத நெருக்கத்தில் ஒரு வலை வாங்கி வந்து மாட்டினாள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. அவள் வயிற்றில் இரண்டு முறை பிள்ளை தங்கியது. இரண்டு முறையும் ஏகாம்பரம் சந்தோஷம் தாளாமல் ஊரைக் கூட்டிச் சொன்னார். இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. ஊர்க்கண் என்று அவள் மனதில் ஆணியடித்தது போல் பதிந்துவிட்டது. இப்போது மூன்றாவது முறை. மூன்று மாதம் முடியும் வரை புருஷனுக்கும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அவளுக்கும் ஊருக்கும் நடுவில் அந்த வலை ஒன்றுதான் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சன்னல் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் வந்தது. விளக்கம் சொல்ல மகாமந்திரி அகளங்கரே தச்சர் வீதிக்கு எழுந்தருளினார். கைதட்டுவது தடை செய்யப்பட்டிருந்தது, தட்டுகிற கையில் ஏதேனும் தூதர் அகப்பட்டுவிடக்கூடும் என்பதால். சனங்கள் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

"குடிமக்களே! உங்கள் வலையில் எத்தனை கண்கள் என்று என்றேனும் எண்ணியதுண்டா? ஆயிரமாயிரம் ஓட்டைகள்! இத்தனை ஓட்டைகளுக்கு நடுவே நீங்கள் உறங்குவதை எண்ணி மன்னர் உறங்குவதில்லை. ஆகவே இன்று முதல் ஒரு வலைக்கு முப்பது கண்களுக்கு மேல் கூடாது. ஓட்டை குறைந்தால் பாதுகாப்பு கூடும். இது எளிய கணக்கு."

தலைகள் ஆடின. ஏகாம்பரத்தின் தலை சற்று அதிகமாகவே ஆடியது.

பூங்காவனம் எழுந்து நின்றாள். "ஐயா, கண்ணு குறைஞ்சா ஒவ்வொரு கண்ணும் பெருசாயிடுமே? முப்பதே கண்ணுன்னா கொசு என்ன, கோழியே நுழைஞ்சு வருமே!"

"அம்மையார் பாதுகாப்பை எதிர்க்கிறாரா?"

"கொசுவை எதிர்க்கறேங்க."

"'கொசு' என்ற சொல் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது" என்றார் அகளங்கர்.

மறுநாளே ஆட்கள் வந்து வட்டக் கொக்கிகளைக் கழற்றிவிட்டுச் சதுரக் கொக்கி அடித்தார்கள். பழைய வலை அதில் நிற்கவில்லை. விலை சொல்லும் கிளியும் நிற்கவில்லை, ஆனால் அதற்காகச் சட்டம் வரவில்லையாம், அது தானாக விழுந்ததாம். அன்று முழுக்கப் பூங்காவனம் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முந்தானையால் விசிறியபடியே வேலை செய்தாள்.

"என்னடி, இந்தப் புழுக்கத்துல போத்திக்கிட்டு?"

"குளிருதுங்க."

தேர்தல் நெருங்கியிருந்தது. காலதரார் வீதிக்கு வீதி கூடாரம் போட்டிருந்தார்கள். "நாங்கள் கொசு வளர்ப்பதில்லை! உங்கள் வீடு, உங்கள் வலை, உங்கள் விருப்பம்!" என்று பாடிக்கொண்டே வட்டக் கொக்கி வைத்த சன்னலை இலவசமாகக் கொடுத்தார்கள். பூங்காவனம் கூடாரத்துக்குப் போனாள். சன்னல் சட்டத்தைத் தட்டிப் பார்த்தாள், நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள்.

"நீங்களும் சும்மாத்தான் குடுக்கறீங்க. அப்ப மரத்துக்கும் கண்ணாடிக்கும் செலவு பண்றது யாருங்க?"

"நல்லுள்ளங்கள், அம்மா" என்றார் கூடாரத்து அதிகாரி.

"அந்த நல்லுள்ளம் எந்தத் தெருவுல குடியிருக்கு?"

"அது கட்சியின் உள்விவகாரம்."

சட்டத்தின் நெற்றியில் வெண்கலத்தில் ஒரு பூ இருந்தது. இது என்ன என்று கேட்டாள்.

"உதவுமலர்! பலகணியாரிடம் இல்லாத புதுமை. கேட்டால் பதில் சொல்லும். கேட்காவிட்டால் பேசாமல் இருக்கும்."

"எனக்கு வேணாம். கழட்டிக் குடுங்க."

"கழற்ற இயலாது அம்மா. வேண்டுமானால் தூங்க வைக்கலாம்."

அவள் சந்தேகம் தீரவில்லை. ஆனால் கொசு சந்தேகம் தீரும்வரை காத்திருக்காது. மூன்றாம் மாதமோ முடிகிற பாடாக இல்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு சன்னலை வாங்கி வந்து மாட்டி, பழைய வலையைத் தொங்கவிட்டு, அந்தப் பூவின் வாயை மட்டும் ஒரு துணியால் இறுக்கிக் கட்டினாள்.

அதன்பின் நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. "பூங்காவனமே வாங்கிட்டாளா? அப்ப நாம கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று வீதி கிளம்பிற்று. காலதரார் அதைக் கேள்விப்பட்டு, 'சந்தேகமே வாங்கிய சன்னல்' என்று நாடு முழுக்கச் சுவரில் எழுதினார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பலகணிகள் பெயர்ந்து விழுந்தன, காலதர்கள் ஏறின, ஆட்சி மாறியது.

பதவியேற்பு ஊர்வலம் தச்சர் வீதி வழியாகவே வந்தது. பூங்காவனம் வலைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஒரு கொசு இல்லை. பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கி எழுந்திருந்தாள். முதல் தேரில் புதிய மன்னர். இரண்டாம் தேரில், நாட்டின் தொடர்ச்சி கருதி அதே பதவியில் நீடிக்கும் மகாமந்திரி அகளங்கர். அவர் அவளைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார்.

"ஐயோ, நல்லுள்ளம் இந்தத் தெருவுலயேதான் போகுது" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

அப்போது துணிக்குள்ளிருந்து ஒரு குரல் பணிவாகக் கேட்டது. "அம்மா, கீழே புளிப்பு மாங்காய் வந்திருக்கிறது. ஒன்று நறுக்கி, உப்பு மிளகாய்த்தூள் தூவச் சொல்லட்டுமா? மூன்றாம் மாதம் முடிய இன்னும் சில நாள்தானே."

பின்னால் டம்ளர் விழுகிற சத்தம் கேட்டது. ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தார்.

"பூங்கா... நெசமாவா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் வலையை விலக்கித் தலையை வெளியே நீட்டிவிட்டார். "அலர்மேலு! ஏய், எல்லாரும் கேளுங்க! என் பொண்டாட்டி முழுகாம இருக்கா!" சந்தோஷத்தில் அவர் குரல் உடைந்தது. கீழே மாங்காய்க்காரன் கும்பிட்டான். அலர்மேலு வீட்டுக்கு வந்த அதே ஆள்தான், தலைப்பாகை மட்டும் புதுசு.

பூங்காவனம் பூவைப் பார்த்துக் கேட்டாள். "கொசு வரலை. நான் ஒரு ஈ காக்காகிட்டகூட வாய் திறக்கலை. உனக்கு எவன்டா சொன்னான்?"

"யாரும் சொல்லவில்லை அம்மா. தினமும் காலையில் இங்கே வந்து நிற்கிறீர்கள். நிற்கும்போது கை தானாக வயிற்றுக்குப் போகிறது. வாயைக் கட்டிவிட்டீர்கள், அதனால் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்."

அவள் தன் கையைப் பார்த்தாள். அது இப்போதும் அங்கேதான் இருந்தது.

சட்டென்று அடுக்களைக்கு ஓடினாள். உப்பையும் காய்ந்த மிளகாயையும் கை நிறைய அள்ளி வந்து ஏகாம்பரத்திடம் கொடுத்தாள். "சுத்திப் போடுங்க, சீக்கிரம்!" அவர் ஒன்றும் புரியாமல், சிரித்த முகத்தோடு, அவளைச் சுற்றினார். எதிரே வீதி நெடுக ஒவ்வொரு வீட்டுச் சன்னலின் நெற்றியிலும் ஒரு வெண்கலப் பூ. எல்லாம் அவள் வாங்கியதைப் பார்த்து வந்தவை.

"காரமான மிளகாய் எங்கே கிடைக்கும் என்று சொல்லட்டுமா, அம்மா?" என்றது சன்னல்.

ஏகாம்பரம் மிளகாயை அடுப்பில் போட்டார். பூங்காவனம் நெடி ஏறக் காத்திருந்தாள். உப்பு வெடித்தது. மிளகாய் சிவந்து, கருத்து, சாம்பலாயிற்று.

யாரும் இருமவில்லை.