பதினேழு பஸ் வந்த திங்கட்கிழமை

முந்நூறு பேரின் காலைச் சாப்பாட்டை ஒரே வாரத்தில் இரண்டு முறை கெடுத்த பெருமை எனக்கு உண்டு. ஒரு நாள் அளவுக்கு மீறிப் போட்டு, இன்னொரு நாள் போடாமல். இத்தனைக்கும் அந்த வாரம் நான் சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது ஓசூருக்கு வெளியே, வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஊத்தங்கரையிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தேன். வேலை நிரந்தரமாவதற்குள் எதையாவது சாதித்துக் காட்டிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். (யாரும் கேட்கலை. நானாத்தான்.)

தினமும் காலையில் எங்களுக்கு ஆறு கம்பெனி பஸ்கள் வரும். போச்சம்பள்ளியிலிருந்து ஒன்று, குருபரப்பள்ளி வழியாக ஒன்று, கர்நாடகப் பக்கம் ஆனேக்கல்லிலிருந்து ஒன்று என்று ஆறு திசை. எத்தனை பஸ் கிளம்பியிருக்கிறது என்பது ஏழு மணிக்குள் கேன்டீனுக்குத் தெரிந்தால்தான் எத்தனை பேருக்கு இட்லி ஊற்றுவது என்று அவர்கள் முடிவு செய்ய முடியும். அதுவரை போக்குவரத்துப் பிரிவில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு டிரைவராகப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது கற்காலமாகத் தெரிந்தது. அந்த வேலைக்கு நானே ஒரு கணினி நிரல் எழுதினேன்.

ஒவ்வொரு பஸ்ஸிலும் சிம் போட்ட சின்னக் கருவி ஒன்று இருந்தது. அது என் நிரலோடு இணைப்பு ஏற்படுத்திக்கொள்ளும். நான் பயன்படுத்திய முறையில், இணைப்புக்காக நிரல் வாசலிலேயே காத்துக்கொண்டு நிற்காது. சிலிண்டர்காரர் வந்தால் குரல் கொடுங்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு நாம் துணி துவைக்கப் போவதில்லையா, அப்படித்தான். இணைப்பு வந்தால் ஒரு குரல், போனால் ஒரு குரல். வந்தால் ஒன்று கூட்டு, போனால் ஒன்று கழி. கேன்டீன் சுவரில் ஒரு திரை, திரையில் ஒரே ஒரு பெரிய எண். ஊர்ப் பெயரெல்லாம் எதற்கு, எளிமைதான் அழகு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கேன்டீன் சூப்பர்வைசர் லோகேஷ் போன் செய்தார். என்னைவிட இரண்டு வயது பெரியவர். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், காய்கறிக்காரரிடம் கன்னடம்.

"மேடம், டிவில பதினேழு பஸ்ஸுன்னு காட்டுது. இன்னிக்கு எதுனா விசேஷமா?"

எனக்கும் குழப்பம்தான். ஆனால் புது ஆட்கள் சேரப்போவதாக அந்த வாரம் பேச்சு அடிபட்டது ஞாபகம் வந்தது. "புதுசா ஆள் எடுக்கறாங்களாம். அதுவா இருக்கும்" என்றேன்.

"ஒரே நாள்ல பதினோரு பஸ்ஸு ஆளா மேடம்?"

"கம்ப்யூட்டர் தப்பா சொல்லாதுங்க."

(இந்த வாக்கியத்தை இன்றைக்கு நினைத்தாலும் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளத் தோன்றும்.)

மறுமுனையில் அவர் யாரிடமோ தெலுங்கில், இருக்கிற மாவு மொத்தத்தையும் எடுக்கச் சொல்லிக் கத்துவது கேட்டது. எட்டு மணிக்கு ஆறே பஸ்கள் வந்தன. அன்று மதியம் கேன்டீனில் இட்லி உப்புமா. மாலையிலும் இட்லி உப்புமா. மனிதவளப் பிரிவு மேனேஜர் லோகேஷைக் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். லோகேஷ் என் பெயரைச் சொல்லவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுவதும் தேடி விஷயத்தைக் கண்டுபிடித்தேன். ஆனேக்கல் பஸ் எல்லையை ஒட்டிய ஊர்களில் சுற்றி ஆள் ஏற்றுகிறது. அங்கே சிம் ஒரு நிமிடம் கர்நாடக டவரைப் பிடிக்கும், அடுத்த நிமிடம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும். ஒவ்வொரு தாவலிலும் பழைய இணைப்பு அறுந்து புதியது வரும். மற்ற பஸ்களுக்கும் வழியில் சிக்னல் விட்டுப்போகும் இடத்தில் ஒரு முறையாவது இதே கதைதான். வந்தது எனக்குத் தெரியும். அறுந்தது தெரியாது. சொல்லிக்கொண்டு போகிற இணைப்புக்குத்தான் உடனே குரல் வரும், சொல்லாமல் செத்துப்போவதற்கு வராது. ஒரே ஆள் பஸ்ஸில் ஏழெட்டுச் சீட்டில் துண்டு போட்டு வைத்தது போல. நான் ஆளை விட்டுவிட்டுத் துண்டுகளை எண்ணியிருந்தேன்.

திருத்தம் செய்தேன். இனி ஒரு பஸ்ஸுக்கு ஒரு பெயர்தான். இரண்டு நிமிடம் பேச்சுமூச்சில்லாத இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். துண்டித்ததும் குரல் வரும், பஸ்ஸின் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டும். என் மேசையில் ஒரு கருவியை அணைத்து அணைத்துப் போட்டுச் சோதித்தேன். அருமையாக வேலை செய்தது. (நாமளா அணைச்சா அது சொல்லிக்கிட்டுதான் போவும்னு அப்போ தோணலை.)

புதன்கிழமை காலை ஆறே முக்கால்.

"மேடம், ஒண்ணுன்னு காட்டுது."

"ஒரு பஸ்ஸா?"

"அஞ்சு வரைக்கும் போச்சு, அப்புறம் ஒவ்வொண்ணா கொறைஞ்சுது. பந்த்துங்களா மேடம்?"

எங்கள் பக்கத்தில் இது நியாயமான கேள்வி. எல்லைக்கு அந்தப்பக்கம் யாராவது பந்த் என்றால் இந்தப்பக்கம் வண்டிகள் நின்றுவிடும், காரணம் பிறகுதான் தெரியவரும். ஆனால் போச்சம்பள்ளி பஸ்ஸுக்கும் கர்நாடகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. "பந்த்தாத்தான் இருக்கும்" என்றேன்.

லோகேஷ் ஒரு பஸ்ஸுக்கு மட்டும் உப்புமா கிண்டினார். எட்டு மணிக்கு ஆறு பஸ்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன.

பசியோடு நிற்கும் முந்நூறு பேரை நீங்கள் பார்த்ததில்லை என்று நம்புகிறேன். தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். பக்கத்திலிருந்த பேக்கரியின் பன் எல்லாம் வாங்கி வந்தும் பாதிப் பேருக்குக்கூடப் போதவில்லை. முதல் ஷிப்ட் ஒரு மணி நேரம் தாமதம். ஒன்பதரைக்கு மேனேஜர் லோகேஷைக் கூப்பிட்டனுப்பினார். கூப்பிடாமலே நானும் பின்னால் போனேன்.

"சார், தப்பு என்னோடது" என்றேன். "பழைய இணைப்பு போயிடுச்சு சார். அதனால பஸ் பட்டியல்லேர்ந்து அடிபட்டுடுச்சு."

"பஸ் எங்கம்மா போச்சு?"

"பஸ் போகலை சார். வந்துக்கிட்டுதான் இருந்துச்சு."

"அப்போ போனது எது?"

"அது அதுக்கு முன்னாடியே போயிடுச்சு சார். போனது அப்புறம்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சப்போ புதுசு வந்துடுச்சு. பழசுன்னு நெனைச்சு புதுசை அடிச்சுட்டேன்."

பழைய துண்டை எடுக்கச் சொல்லி எழுதிய நிரல், உட்கார்ந்திருந்த ஆளையே சீட்டிலிருந்து இறக்கிவிட்டிருந்தது. இதைத்தான் சொல்ல வந்தேன். வாயில் வரவில்லை.

மேனேஜர் லோகேஷைப் பார்த்தார். "உனக்கு ஏதாவது புரியுதாப்பா?"

"எனக்கு இட்லி மட்டும்தான் சார் புரியும்."

"சமைக்காதது நீ. அது எனக்குப் புரியுது. நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

நிரந்தர வேலை, ஊரில் அப்பா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்த பெருமை எல்லாம் கண்முன் வந்தது. இருந்தாலும் வாயைத் திறந்தேன். "சார், அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க. அவர் ஒரு தப்பும் பண்ணலை."

"ஒண்ணுகூடவா பண்ணலை?"

"என்னை நம்பினாரு சார். அது ஒண்ணுதான்."

மேனேஜர் திரையைக் கழற்றச் சொன்னார். லோகேஷ் இருக்கலாம். நானும் இருக்கலாம், ஆனால் தினமும் காலை ஆறு மணிக்கு ஆறு டிரைவர்களுக்கும் நானே போன் செய்து, கேன்டீனுக்கு என் வாயால் கணக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு மாதத் தண்டனைதான் அது. ஆனால் மாதம் முடிந்த பிறகும் ஆறரை ஆனால் என் கை தானாக லோகேஷ் எண்ணைத் தட்டியது. முதலில் ஆறு பஸ் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன். பிறகு என்ன சட்னி என்று கேட்டேன். பிறகு பஸ்ஸைப் பற்றிய பேச்சே குறைந்துபோனது. அடுத்த வருடம் கிருஷ்ணகிரியில் கல்யாணம்.

கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக மாப்பிள்ளை மண்டப வாசலில் நின்று, ஊத்தங்கரை பஸ்ஸிலிருந்து இறங்கும் என் சொந்தக்காரர்களை விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் என் மாமியார் முதலில் அந்தப் படத்தைத்தான் காட்டுவார். எங்கள் பக்கத்திலிருந்து அறுபது பேர் வருவார்கள் என்று நான் முந்தின வாரமே சொல்லியிருந்தேன். இறங்கியவர்கள் தொண்ணூற்று நான்கு பேர். ஒருவருக்குக்கூடப் பந்தியில் சாப்பாடு குறையவில்லை. சமையலுக்குச் சொல்லும்போது லோகேஷ் நான் கொடுத்த எண்ணிக்கையைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லையாம்.