கை நனைக்காத துரை

நம் நிறம் என்ன என்பதை நாம் நிற்கும் தெருதான் முடிவு செய்கிறது. நாங்கள் ஆங்கிலோ இந்தியர். ஊர் வழக்கில் சட்டைக்காரர். பல்லாவரத்தில் எங்கள் ஆட்களின் நடன விருந்துக்குப் போனால், என் கறுப்பைப் பார்த்து யாராவது காலி கிளாஸை என் கையில் கொடுத்துவிடுவார்கள். அதே நான் தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் கேட்டால், "தொரைக்கு இன்னா வோணும்?" என்று விலை ஏறும். (தமிழில் பேரம் பேசினால், "தொர நம்ம பாஷை சோக்கா பேசுதே!" என்று பாராட்டு. விலை இறங்காது.)

அறுபதுகளின் கடைசியில், எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட், தமிழ்க் கிறிஸ்தவப் பெண் கிரேஸைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அவளுக்குச் சம்மதம். சிட்லபாக்கத்தில் வாத்தியாராக இருந்த அவள் அப்பாதான், "துரை வீட்டுப் பையன் நம்மளை மதிப்பானா? வரட்டும், பாக்கறேன்" என்றாராம். எங்கள் வீட்டிலோ, "நேட்டிவ் குடும்பமா?" என்று கூட வர மறுத்தார்கள். (இதைச் சொன்ன அங்கிள் என்னைவிடக் கறுப்பு.)

தனியாகப் போகிறவன் முறை தெரிந்து போக வேண்டாமா? சக குமாஸ்தா கதிர்வேலுவிடம் கேட்டேன். "மச்சான், பேசி முடிக்கிற வரைக்கும் பொண்ணு வூட்ல கை நனைக்கக் கூடாது. துண்ணா சம்மதம்னு அர்த்தம்" என்றான். விதி என்று ஒன்று கிடைத்தால் எழுத்து பிசகாமல் நிறைவேற்றுவது என் பிறவி நோய்.

சிட்லபாக்கம் வீட்டில் போய் உட்கார்ந்ததும், துரைக்குப் பிடிக்குமென்று செய்த கட்லெட் வந்தது. வாத்தியார் சம்மதம் சொன்னதும் சாப்பிடலாம் என்று நான். இவன் சாப்பிட்டதும் பேசலாம் என்று அவர். காபியில் ஆடை படிந்தது.

"காபியாவது குடிங்க தம்பி."

"வேண்டாம் சார்."

"தண்ணி?"

"கூடாது சார்."

வாத்தியார் முகம் இறுகியது. "கூடாதா? எங்க வீட்டுத் தண்ணிகூட உங்களுக்கு ஆகாதோ?"

"விடுங்க, துரைமாருக்கு நம்ம கைப்பக்குவம் பிடிக்குமா?" என்று கிரேஸின் அம்மா தட்டைத் தூக்கினார்.

பதற்றத்தில் என் தமிழ் மொத்தமும் ஓடிப்போனது. "நோ, நோ! ஐ ஆம் ஃபாலோயிங் யுவர் கஸ்டம்!" என்று அலறினேன். அந்த அறையில் அதுவரை இல்லாத வெள்ளைக்காரன் அப்போதுதான் வந்து சேர்ந்தான். வாத்தியார் வாசலைப் பார்த்து எழுந்தார்.

உள்ளிருந்து கிரேஸ் வந்தாள். "யாருங்க உங்களுக்கு இதையெல்லாம் சொன்னது?"

"கதிர்வேலு."

"கதிர்வேலுவா என்னைக் கட்டிக்கப் போறாரு? அப்பா, பேசி முடிக்காம கை நனைக்கக் கூடாதுன்னு உக்காந்திருக்கார்ப்பா!"

வாத்தியார் அப்படியே நின்றார். "அடப்பாவி, அதெல்லாம் நாங்களே பாக்கறதில்லையே!"

"சம்மதம்னா சாப்பிடுங்க. இல்லேன்னா தட்டை எடுத்துட்டுப் போறேன்" என்று அம்மா கையிலிருந்த தட்டை வாங்கி என் முன்னால் வைத்தாள் கிரேஸ்.

சாப்பிட்டேன். வீட்டார் எல்லோருக்குமாக வைத்திருந்த கட்லெட் அத்தனையையும். "பொண்ணை நல்லா வெச்சுப்பீங்களா?" என்று வாத்தியார் கேட்டபோது வாயில் இடமில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்றிலிருந்து எந்த வீட்டிலும் எதையும் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. (சர்க்கரை வந்ததற்கு டாக்டர் வேறு ஏதேதோ காரணம் சொல்கிறார்.) பலகாரத் தட்டின் முன் நான் ஒரு நொடி யோசித்தால் போதும், அத்தனை பேர் முன்னாலும் பேரன் கத்துவான்:

"தாத்தா, சீக்கிரம் சாப்பிடுங்க! இல்லேன்னா பாட்டியை வேற எடத்துல கட்டிக் குடுத்துடுவாங்க!"