ஐந்து நிமிஷத் தண்ணீர்

எனக்குக் கோபம் வந்தால் ஹிந்தி பிரமாதமாக வரும். போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் இருக்கிற பாம்பூஃப்ளாட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். பக்கத்து வீட்டு வங்காளியோடும் எதிர்வீட்டுத் தெலுங்கரோடும் தீவு ஹிந்தியில்தான் பேச்சு. ஆனாலும் சாதாரண நாளில் அது நொண்டும். கோபத்தில் மட்டும் அலைபோலக் கிளம்பி, ஆண்பால் பெண்பால் கவலையில்லாமல், கரையில் கிடக்கிற அத்தனையையும் அடித்துக்கொண்டு போகும். ஒருமுறை என் மகளின் கல்யாணத்தையே அடித்துக்கொண்டு போகப் பார்த்தது.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு ஜனவரி. என் மகள் ஜெனிக்கும், போர்ட் பிளேரில் பேங்க் வேலையில் இருந்த ஜெரோமுக்கும் பேச்சு முடிந்திருந்தது. ஜெரோமின் அம்மா விமலா டீச்சர் சென்னையிலிருந்து வந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. இஸ்திரி போட்ட புடவைக்கே இன்னொரு இஸ்திரி போடுகிறவர். சனிக்கிழமை பத்தரை மணிக்கு எங்கள் பாம்பூஃப்ளாட் கோயிலில் ஃபாதரைப் பார்த்துக் கல்யாண ஓலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்து, தவக்காலம் தொடங்குமுன் கல்யாணத்தை முடிக்க வேண்டும், தொடங்கிவிட்டால் அது முடிகிறவரை கல்யாணம் கிடையாது. அன்று விட்டால் ஃபாதர் வேறு தீவுக்குக் கப்பலேறிவிடுவார், டீச்சர் மறுநாள் விமானமேறிவிடுவார், கல்யாணம் ஈஸ்டருக்கு அப்பால் போய்விடும். (ஜெரோமுக்கு அதற்குள் மாற்றல் வரலாம் என்ற பயம் வேறு.)

இவ்வளவு நெருக்கடியில் முந்தின நாள் வீட்டில் அடங்கிக் கிடந்திருக்கலாம். என் வீட்டுக்காரர் அமல் கேட்கவில்லை. வண்டூர்ப் பக்கம் ஒரு பீச் கேம்ப்பில் கூடாரம் போடச் சொல்லிவிட்டார்.

"ரிசார்ட்டுல இருக்கிற ஏசி மெட்ராஸ்லயும் இருக்குட்டி. டென்ட்டுல படுத்தா கடல் காதுக்குள்ள வரும்" என்றார்.

கடல் வரவில்லை. மணல் வந்தது.

போனில் "எல்லாம் சேர்த்து" என்று சொல்லியிருந்தான் மேனேஜர். போய் இறங்கியதும் அந்த எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றது. தலையணைக்குத் தனி. கொசுவர்த்திக்குத் தனி. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன், சம்பந்தி முன்னால் அல்லவா. விடிந்ததும் எல்லோருமாகக் கடலில் இறங்கினோம். முதலை வராமல் இருக்க வலை கட்டி வைத்திருக்கிறார்கள், அந்த வலைக்குள்ளேதான் குளியல். டீச்சர்கூட புடவைமேல் துண்டைச் சுற்றிக்கொண்டு கழுத்துவரை அமிழ்ந்து, சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். நீலம் வந்து நீலத்தின்மேல் சரிந்தது. வாழ்க்கை நல்லதாகத்தான் இருந்தது, அரை மணி நேரம்.

கரையேறிப் பார்த்தால், நிஜ முதலை கவுண்டரில் உட்கார்ந்திருந்தது.

ஷவருக்கு டோக்கன். ஒரு டோக்கனுக்கு ஐந்து நிமிஷம். ஷவர் வேண்டாம், வாளி கொடு என்றேன். வாளிக்கு வாடகை. வாளிக்குள் கிடந்த மக்குக்குத் தனி வாடகை. மக்கையும் வாளியையும் பிரித்துவைத்த பாவியை அன்றுதான் பார்த்தேன். வருஷத்தில் எட்டு மாதம் வானம் கூரையை உடைத்துக்கொண்டு கொட்டுகிற தீவு இது. ஓடையில், பாசியில், இலை நுனியில், எங்கள் துவைத்த துணியில், செருப்புக்குள்ளே என்று இலவசமாக வந்து விழுகிற தண்ணீர், இவன் தொட்டியில் விழுந்ததும் டோக்கன் கேட்கிறது! தண்ணீரின் அருமை எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டுக் குழாயில் ரெண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். டிரம்மில் பிடித்து வைத்துச் சொட்டுச் சொட்டாகச் செலவழிக்கிறவள் நான். அருமை தெரிந்தவளிடம்தான் இவன் அதை விற்கிறான். எரிந்தது எனக்கு. கண்ணும் எரிந்தது, அது உப்பு.

உப்போடு ஃபாதர் முன்னால் போய் நிற்க முடியுமா? ஒரு டோக்கன் வாங்கினேன். பலகையால் அடைத்த, மேலே கூரையில்லாத சின்ன அறை. தலையில் ஷாம்பு போட்டு நுரை பொங்கி நெற்றியில் இறங்கிய அந்தக் கணத்தில், குழாய் ஒருமுறை இருமிவிட்டு நின்றுபோனது.

"ஆண்ட்டி, டைம் கதம்!" வெளியே மேனேஜரின் குரல். "தூஸ்ரா டோக்கன் லோ."

நேரம் முடிந்ததாம். இன்னொரு டோக்கன் எடுக்கணுமாம்.

"அரே, பால் மே சாபுன் ஹை!" தலையில் சோப்பு இருக்கிறது என்று கத்தினேன்.

"மெயின்லாண்ட் பாஞ்ச் மினிட், ஆண்ட்டி. லோக்கல் தஸ் மினிட். ஆப்கா புக்கிங் மெயின்லாண்ட் ஹை."

அப்போதுதான் விளங்கியது. தீவுக்காரர்களுக்குப் பத்து நிமிஷம், வெளியூர்க்காரர்களுக்கு ஐந்து. கூடாரத்தைப் பதிவு செய்தது ஜெரோமின் ஆதாரில். அதில் சென்னை விலாசம். ஆக, பிறந்ததிலிருந்து இந்தத் தீவில் மழையும் வெயிலும் பூகம்பமும் தின்று வளர்ந்த என்னை, ஒரு மேனேஜர் நுரையும் தலையுமாக நிற்கவைத்து மெயின்லாண்ட் என்கிறான்.

"ஹம் லோக்கல் ஹை!"

"கார்டு திகாவ், ஆண்ட்டி."

"குளிக்கிறவ கார்டை எங்கல வச்சிருப்பா, மடையா!" இது தமிழில் போனது. பிறகு அலை கிளம்பிவிட்டது. கண்ணைத் திறக்க முடியாமல், பலகையைப் படபடவென்று அடித்துக்கொண்டு முழங்கினேன்: "ஹம் லோக்கல்! மேரா ஆத்மி லோக்கல்! மேரா பேட்டி? பக்கா லோக்கல்! ஏக் நம்பர் லோக்கல்! பூரா பாம்பூஃப்ளாட் மே பூச்சோ!"

நான் லோக்கல், என் புருஷன் லோக்கல், என் மகள் முதல்தர லோக்கல், பாம்பூஃப்ளாட் முழுக்கக் கேட்டுப் பார். இவ்வளவுதான் நான் சொன்னது. தீவில் இது பட்டம் மாதிரி. சொன்னால் நெஞ்சு நிமிரும்.

வெளியே மேனேஜர் வால்வைத் திருகுகிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் வந்தது. ஆஹா, வெற்றித் தண்ணீர்! மீதி ஐந்து நிமிஷத்தையும் கடைசிச் சொட்டுவரை வசூலித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த ஆளாக வரிசையில் துண்டோடு நின்றிருந்த விமலா டீச்சரைக் காணோம்.

எங்களைக் கூட்டிப்போக வந்திருந்த ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். கூடாரத்துக்குள்ளே போய் உடை மட்டும் மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். பட்டுப் புடவைக்கு மேலே கழுத்தில் உப்பு வெள்ளையாகப் பூக்க ஆரம்பித்திருந்தது.

"குளிக்கலையா டீச்சர்?"

"வேணாம்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. என்னைப் போலவே கட்டணத்தை எதிர்த்துக் குளியலையே புறக்கணித்துவிட்டார்! எப்பேர்ப்பட்ட சம்பந்தி! இந்தப் பூரிப்பில், சாத்தம் படகுத்துறை வரைக்கும் ஒரு மணி நேரம், அந்தக் கேம்ப்பைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டே வந்தேன். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"இவனுவள சும்மா விடக் கூடாது டீச்சர். நாம யாருன்னு காட்டணும்."

"அதான் காட்டிட்டீங்களே" என்றார்.

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

படகில் அக்கரை சேர்ந்து கோயில் அலுவலகத்தில் நுழையும்போது பத்து இருபது. ஃபாதர் பெரிய பதிவேட்டை விரித்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"எழுத வேண்டாம் ஃபாதர்" என்றார் டீச்சர். "எனக்கு இன்னும் கொஞ்சம் விசாரிக்கணும்."

ஜெரோம் திடுக்கிட்டான். "என்னம்மா விசாரிக்கணும்?"

"பொண்ணு வளந்த விதத்தை."

ஜெனியின் முகம் சிவந்தது. ஃபாதர் பாவம், சமாதானம் செய்கிற எண்ணத்தில் சிரித்தபடி, "இதுல விசாரிக்க என்ன இருக்கு? மாப்ள மெயின்லாண்ட், பொண்ணு லோக்கல்…" என்றார்.

டீச்சர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "ஃபாதர், நீங்களுமா! அப்ப ஊர் முழுக்கத் தெரியுமா இது?"

"தெரியாம? இங்கதான ஞானஸ்நானம் குடுத்தோம்!"

"அவங்க அம்மாவே பாத்ரூம்ல நின்னு கத்துறாங்க, எம் பொண்ணு பக்கா லோக்கல்னு! ஹிந்தி எனக்குத் தெரியாது. லோக்கல்னா என்னன்னு தெரியும். முப்பது வருஷம் ஸ்கூல்ல, 'லோக்கலா பேசாதே, லோக்கலா நடக்காதே'ன்னு எத்தனை பிள்ளைங்களை முட்டி போட வச்சிருக்கேன்!"

அந்த அர்த்தம் எனக்கும் தெரிந்ததுதான். தமிழ்ப் படம் பார்க்காமலா இருக்கிறேன்? ஆனால் கண்ணில் ஷாம்பு இருக்கிறபோது சென்னை அர்த்தம் யாருக்கு ஞாபகம் வரும்?

அமல் கூரையைப் பார்த்தார். ஜெனி கைப்பையிலிருந்து தன் தீவு அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "ஆமா ஆண்ட்டி, நான் லோக்கல்தான். கவர்மென்ட்டே போட்டோ ஒட்டிக் குடுத்திருக்கு. அதுல வெக்கப்பட எனக்கு ஒண்ணும் இல்ல."

ஜெரோம் தலையில் கை வைத்தபடி, "அம்மா, இங்க லோக்கல்னா தீவுக்காரங்கம்மா. அவ்ளோதான். நான்தான் இங்க கேவலம், நான் மெயின்லாண்ட்" என்றான்.

டீச்சர் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விடைத்தாளில் தன் திருத்தலே தப்பு என்று கண்டுகொண்ட முகம். மெல்ல உட்கார்ந்தார். கழுத்தை ஒருமுறை சொறிந்தார். முழங்கையைச் சொறிந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப நான் எதுக்கு இவ்வளவு நேரமா குளிக்காம உக்காந்திருக்கேன்?"

முதலில் சிரித்தது ஃபாதர். கடைசியில் சிரித்தது நான், அதுவும் ஜெனியின் பேர் பதிவேட்டில் ஏறி மை காய்ந்த பிறகுதான். வீட்டுக்குப் போனதும் டிரம்மைத் திறந்து டீச்சருக்கு மூன்று வாளித் தண்ணீர் கொடுத்தேன். கதவு திறக்க முக்கால் மணி நேரமாயிற்று.

தவக்காலத்துக்கு முன்பே கல்யாணம் நடந்தது. சென்னையில் வரவேற்பு. டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், தன் பழைய பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் நடுவில் நிறுத்தி, அதே தலைமையாசிரியைக் குரலில் சொன்னார்: "இவங்கதான் என் சம்பந்தி. பக்கா லோக்கல்."

அன்றிலிருந்து இன்றுவரை, திருமணமோ திருவிழாவோ, எனக்கு அவர் செய்கிற அறிமுகம் இதுதான். விளக்கம் சொல்ல நான் வாயெடுத்தால், சிரிப்பை அடக்கியபடி என் கையை அமுக்கிவிடுவார். எதிரே இருக்கிற பெண்கள் என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, மரியாதையாகத் தலையசைத்தபடியே, மடியிலிருக்கிற கைப்பையைக் கொஞ்சம் தங்கள் பக்கமாக நகர்த்திக்கொள்கிறார்கள்.