கயல்விழியே என்றொரு புதிய இனம்

காதலைச் சொல்லத் தைரியம் இல்லாதவர்கள் சினிமாப் பாட்டைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். நான் லத்தீன் மொழியைக் கூப்பிட்டேன். (அது செத்துப்போன மொழி என்பது பிறகுதான் உறைத்தது.)

அப்போது நான் ஆராய்ச்சி மாணவன். நெய்வேலி சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண்ணை அமிலத்தில் கரைத்து, மிச்சத்தில் கடல் மிதவை உயிரிகளின் ஓடுகளைத் தேடுவது என் வேலை. கடல் எப்போதோ இந்தப் பக்கம் வந்துபோனபோது விட்டுச்சென்றவை. மைக்ராஸ்கோப் இல்லாமல் கண்ணுக்குத் தெரியாது.

அதே லேபில் கயல்விழி இருந்தாள். சேத்தியாத்தோப்புப் பெண். ஒரு கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்தபடியே, தாளைப் பார்க்காமல் அழகாகப் படம் வரைவாள். மேல்படிப்புக்கு வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்தாள். அதற்குள் மனதில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவளைப் பார்த்தால், "சாப்டீங்களா?" என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது.

பூஜை விடுமுறைக்கு லேபின் பழைய மைக்ராஸ்கோப்பை எங்கள் குவார்ட்டர்ஸுக்குத் தூக்கிவந்திருந்தேன். ஒரு காலையில் ஸ்லைடில் அது தெரிந்தது. குட்டி உருண்டை, உடம்பெல்லாம் கூர்முள், ஒரு பக்கம் சின்னத் திறப்பு. எந்தப் புத்தகத்திலும் இல்லை. (நான் புரட்டியது கடல் உயிரிகளின் புத்தகங்களை மட்டும்.)

புதிய இனம்! கண்டவன் பெயர் வைக்கலாம். பெண்ணின் பெயரை வைத்தால் லத்தீன் முறைப்படி கடைசியில் ஒரு 'ஏ' சேரும். ஒரு தாளில் முள்ளின் நீளம், ஓட்டின் தடிமன், உள்ளிருந்த உயிர் வெளியேறிய வாசலின் வடிவம் எல்லாம் விவரித்து, மேலே பெயரைத் தமிழ் எழுத்திலேயே பெரிதாக எழுதினேன். பிறகு அவளுக்கு போன் போட்டேன். "ஒரு ஸ்லைடு பாக்கணும், வீட்டுக்கு வர்றீங்களா?"

வந்தாள். அம்மா கேசரி கிண்டியிருந்தாள். அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்து, யூனிபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

கயல்விழி குனிந்து பார்த்தாள். நிமிரவே இல்லை. (நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று நினைத்தேன்.)

"கதிர், வீட்ல சாமந்திப் பூ வாங்கினீங்களா?"

சமையலறையிலிருந்து அம்மாதான் பதில் சொன்னாள். "வாங்காம? ஆயுத பூஜைக்கு அந்த மிஷினுக்கே மாலை போட்டேன். பக்கத்துல காஞ்சிகினு இருந்த கண்ணாடித் துண்டுக்கெல்லாம்கூட ஒவ்வொரு பூ வச்சேன்மா."

கயல்விழி என்னைப் பாவமாகப் பார்த்தாள். "இது சாமந்தி மகரந்தங்க. லேசா நகத்திப் பாருங்க, திறப்பு ஒண்ணு இல்ல, மூணு இருக்கு. போன வாரத்துப் பூ."

பூமி பிளக்கவில்லை. அதற்குள் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜையிலிருந்த தாளை எடுத்துவிட்டார். எழுத்துக்கூட்டி, தெருவுக்கே கேட்கும்படி படித்தார்.

"க...யல்...விழி...யே! என்னாடா இது? பொண்ணு எதிர்லதான ஒக்காந்துகினு இருக்கு, அத எதுக்குக் காயிதத்துல கூப்புடற?"

"அது லத்தீன்பா!"

"எனக்கே புரியுது, இது லத்தீனா?"

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். கயல்விழி சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். துடைத்துக்கொண்டபோது என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். மர நிழலில் நின்றோம். தூரத்தில் பஸ் தெரிந்தபோது, "பேரு நல்லாத்தான் இருந்துச்சு, கதிர்" என்றாள். "இத முன்னாடியே சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

பதில் தொண்டை வரை வந்தது. பஸ்ஸும் வந்துவிட்டது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கை காட்டினாள். எனக்குக் கை தூக்கத்தான் முடிந்தது.

அந்த மாதமே கிளம்பிப் போனாள். பிறகு அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். நான் இன்னும் களிமண்ணைத்தான் கரைத்துக்கொண்டிருக்கிறேன். நிஜமான மிதவை உயிரிகள் எத்தனையோ கண்ணில் பட்டுவிட்டன. எல்லாவற்றுக்கும் யாரோ முன்பே பெயர் வைத்துவிட்டார்கள்.

ரிட்டயர் ஆகி, நெய்வேலிக்குப் பக்கத்திலேயே வடக்குத்து கிராமத்தில் வீடு கட்டிக்கொண்ட அப்பா போன் செய்யும்போதெல்லாம், நலம் விசாரிப்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுவார்.

"என்னாடா, கயல்விழியே கெடச்சாளா?"

பின்னால் அம்மா சிரிப்பது கேட்கும்.

"இன்னும் தேடிகினுதான்பா இருக்கேன்" என்பேன். நானும் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்து, அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.