நூறு கிகாபிட்டும் நாற்பது சரம் குடைமிளகாயும்

பித்தோலா,
செப்டம்பர் 22, திங்கள்

மதிப்பிற்குரிய மைத்துனர் சோதிர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் நௌமே பணிவோடு எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை ஸ்வெதாங்காவும் சுகம். மால்மோவில் நீங்களும் உங்கள் வீட்டாரும் பேக்கரி அடுப்பும் குறைவின்றி இருக்க வேண்டுகிறோம்.

முதலில் முக்கியமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தரவு மையத்தின் நிர்வாகக் குழு, எட்டு மாத ஆலோசனைக்குப் பிறகு, சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்று பத்துக்கு, புதிய நெட்வொர்க்கின் கம்பிகள் மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும் என்று ஒருமனதாக முடிவெடுத்தது. நீலத்துக்காகக் கடைசிவரை வாதாடிய டைரக்டர் பிளாகோயா, பொது நன்மையைக் கருதி விட்டுக்கொடுத்தார். விற்பவரிடம் மஞ்சள் மட்டுமே இருக்கிறது என்பது அன்று மாலை தெரியவந்தது. குழுவின் தொலைநோக்குக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கம்பிகள் எதற்கு என்று கேட்பீர்கள். எங்களிடம் ஏராளமான கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற சரக்கையெல்லாம் வாங்கிப் பிரித்து அனுப்புகிற பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். விளக்கு போடுகிற சுவிட்ச் அல்ல, அகலமான, சத்தம் போடுகிற பெட்டி. பன்னிரண்டு ஆண்டுகளாக அப்படிப் பதினோரு பெட்டிகள் எங்களிடம் பத்து கிகாபிட் வேகத்தில் உழைத்தன. உங்கள் கணக்கில் சொன்னால், பத்து மாவு மூட்டை நுழைகிற வாசல். மாவட்டத்து ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரே படங்களை ஒரு கிடங்கிலிருந்து அடுத்ததற்கு நகலெடுக்க ஒன்றரை நாள் ஆகும். இப்போது வந்திருப்பது நூறு மூட்டை நுழைகிற வாசல், அதுவும் இரண்டே பெட்டிகளில்.

அந்தப் பழைய பதினொன்றும் இன்னொரு வேலையும் செய்துவந்தன. அது உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு டிசம்பரிலும் அதைத்தான் நீங்கள் சாப்பிடுகிறீர்கள். அவை இருந்த அறை சிறியது, அவை விட்ட மூச்சு சூடானது. அலமாரிக்குப் பின்னால் நாற்பத்தோரு டிகிரி, காய்ந்த காற்று, ஓயாத விசிறி. சிவப்புக் குடைமிளகாயைச் சரம் கோத்துத் தொங்கவிட்டால் ஒன்பதாம் நாள் கலகலவென்று காய்ந்துவிடும். இந்த ஆண்டு செப்டம்பர் இரண்டாம் தேதி பிடித்த மழை இன்னும் விடவில்லை, ஊரில் பால்கனியில் தொங்கியதெல்லாம் பூஞ்சை பிடித்துப்போனது. எங்களுக்குக் கவலை இல்லை. நெட்வொர்க் அறையில் நாற்பது சரம் தொங்கின. எட்டு டைரக்டருடையது, பன்னிரண்டு எங்கள் டெக்னீஷியன் ட்ராய்ச்சே வீட்டுடையது, மீதி இருபது உங்கள் தங்கை கோத்தது. அதில் ஆறு உங்கள் வீட்டு நிக்கோலா திருநாளுக்கு. முப்பது விருந்தாளிகள், விரதச் சாப்பாடு, பீன்ஸ் அடைத்த காய்ந்த குடைமிளகாய் இல்லாமல் இலைபோட முடியாது என்று நீங்கள் ஆகஸ்டிலேயே எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் எங்கள் குளிர்பெட்டிமேல் காந்தத்தால் ஒட்டப்பட்டிருக்கிறது.

புதிய பெட்டிகளைப் பொருத்த ஸ்கோப்யேவிலிருந்து வெரிட்சா என்ற எஞ்சினியர் அம்மா வெள்ளிக்கிழமை வந்தார். சரங்களுக்கு முன்னால் தார்ப்பாய் கட்டி, ‘வேலை நடக்கிறது’ என்று அட்டை மாட்டியிருந்தோம். அந்த அம்மா அறையைப் பார்ப்பதற்கு முன்பே எங்கள் மூன்று வருடத்து அளவீடுகளைப் படித்துவிட்டு வந்திருந்தார்.

“ஒவ்வொரு செப்டம்பரும் இந்த ரூம்ல ஈரப்பதம் எழுபதுக்கு ஏறுது. அக்டோபர் நடுவுல தானா இறங்குது. ஏன் சார்?”

“இலையுதிர் காலம், மேடம்” என்றார் டைரக்டர்.

“போன வருஷம் வெளிய நல்ல வெயில். நான் பார்த்தேனே.”

“வெளிய வெயில்தான். உள்ள இலையுதிர் காலம்.”

வெரிட்சா அதைக் குறித்துக்கொண்டார். சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு மாற்றும் வேலை ஆரம்பித்தது. கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம், ட்ராய்ச்சே மஞ்சள் கம்பிகளை ஒவ்வொன்றாகச் செருகினான், விளக்கு எரியவேண்டிய இடத்தில் எரிந்தது, அணையக்கூடாத இடத்தில் அணைந்தது, மறுபடி எரிந்தது, ஆனால் சரக்கு போகவில்லை. போன கொஞ்சமும் பாதி வழியில் கெட்டு, திரும்பத் திரும்ப அனுப்பச் சொல்லி நின்றது. பழைய நெட்வொர்க்கே தேவலாம் என்று டைரக்டர் முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது. வெரிட்சா பையிலிருந்து பேனா மாதிரி ஒரு நுண்ணோக்கியை எடுத்து, உள்ளே ஒளி ஓடுகிற அந்தக் கண்ணாடிக் கம்பிகளில் ஒன்றின் நுனியை அதில் செருகித் திரையைப் பார்த்தார்.

“இது தூசி இல்ல. இதுல நரம்பு ஓடுது. ஏதோ செடி.”

ட்ராய்ச்சே தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். அன்று காலை அவன் வீட்டில் அய்வார் தொக்கு கிண்டுவதற்காக நாற்பது கிலோ குடைமிளகாய் சுட்டுத் தோலுரித்திருந்தார்கள்.

“அண்ணே, சோப்புப் போட்டுத்தான் கழுவினேன்” என்றான் என்னிடம்.

“ரெண்டு தடவையா?”

“ஒரு தடவை. நேரமாயிடுச்சு.”

பிறகு அந்த அம்மாவிடம், “மேடம், பழைய பெட்டி பன்னெண்டு வருஷம் இதே விரலோடதான் ஓடுச்சு. ஒரு நாளும் மூஞ்சியச் சுளிச்சதில்ல” என்றான்.

“பழசுக்குக் கண்ணு மங்கல். இதுக்கு எல்லாம் தெரியும்” என்றார் அவர். எழுபத்திரண்டு நுனிகளையும் தானே ஒவ்வொன்றாகத் துடைத்தார். மூன்று மணி நேரம், முகத்தில் ஒரு சலிப்பு இல்லை. மைத்துனரே, மனதாரச் சொல்கிறேன், தன் வேலையை இப்படிச் செய்கிற ஆளைப் பார்த்து எத்தனையோ வருடமாகிறது. முடித்ததும் எழுந்து, மோப்பம் பிடித்தபடி நேராகப் போய்த் தார்ப்பாயை விலக்கினார்.

நாற்பது சரத்தையும் விரல் நீட்டி எண்ணினார்.

“யாரோடது?”

“எட்டு, டைரக்டரோடது” என்றான் ட்ராய்ச்சே.

“என் மாமியாரோடது” என்றார் டைரக்டர்.

வெரிட்சா ஒரு சரத்தைத் தூக்கிப் பார்த்தார். அது ஸ்வெதாங்கா கோத்தது. “காம்பை ரொம்ப நெருக்கிக் கோத்திருக்காங்க. காத்து எப்படிப் போகும்? எங்கம்மா பார்த்தா திட்டுவாங்க.” பிறகு தார்ப்பாயை இழுத்துவிட்டார். “நான் எதையும் பார்க்கல. எடுக்கச் சொல்லவும் போறதில்ல. புதுப் பெட்டி ரெண்டும் சூடே விடாது. அதுவா ஒரு முடிவுக்கு வந்துடும்.”

பிற்பகல் ஒன்றுக்கு எக்ஸ்ரே நகலெடுப்பை ஆரம்பித்தோம். ஒன்றரை நாள் காவல் இருப்பதற்காக நான் கம்பளி கொண்டுபோயிருந்தேன், ட்ராய்ச்சே தாயக்கட்டையும் ஒரு சட்டி பீன்ஸும். நாலு நாற்பதுக்கு வேலை முடிந்தது. எங்கேயோ தப்பு என்று நினைத்து மறுபடி சரிபார்த்தோம், ஒரு படம்கூட விட்டுப்போகவில்லை. என்ன சொல்றது மச்சான், பொட்டி சத்தமே போடல. பதினோரு கிழம் சேர்ந்து ஒன்றரை நாள் முக்கி முனகி இழுத்ததை இது ரெண்டும் மூக்கு வேர்க்காம இழுத்துடுச்சு. நாங்க நாலு பேரும் அதுக்கு முன்னாடி கோயில்ல நிக்கிற மாதிரி நின்னோம். டைரக்டர் தொப்பியைக் கழட்டிட்டார். அவர் கழட்டினா தலை தெரியும்னு கழட்டவே மாட்டார், உங்களுக்குத் தெரியும்.

அறைச் சூடு ஆறு மணிக்கு இருபத்து மூன்று டிகிரிக்கு இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன், பாதி காய்ந்த குடைமிளகாய் மறுபடி மெத்தென்று ஆகிவிட்டது. இரண்டில் வெள்ளைப் புள்ளி. வெளியே மழை. அடுப்பில் காயவைக்கலாம் என்றேன். “அது காஞ்சதில்ல, வெந்தது. எங்கண்ணன் வீட்டு விருந்துக்கு வெந்ததையா அனுப்புவீங்க?” என்று உங்கள் தங்கை கேட்டுவிட்டாள்.

ஆகவே கனத்த மனதோடு தெரிவிக்கிறேன், ஆறு சரமும் இந்த ஆண்டு வராது. ஆனால் நீங்கள் தொழில் தெரிந்தவர், நல்ல கருவிக்கு முன்னால் மிளகாய் பெரிதல்ல என்பதை ஒப்புக்கொள்வீர்கள். இனி இந்த மாவட்டத்தில் யார் காலை உடைத்துக்கொண்டாலும் படம் கண்ணிமைப்பதற்குள் டாக்டர் முன்னால் நிற்கும். முன்னேற்றத்துக்காக நம் குடும்பம் கொடுத்த விலை என்று விருந்தாளிகளிடம் சொல்லுங்கள்.

புனித நிக்கோலா உங்கள் அடுப்பையும் வீட்டையும் காக்கட்டும். பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள்.

என்றும் உங்கள் பாசத்துக்குரிய,
நௌமே

பின்குறிப்பு, அக்டோபர் 16: கடிதத்தை எழுதிய அன்றே, தபாலில் சேர்ப்பதற்கு முன் ஸ்வெதாங்கா வாங்கிப் படித்தாள், அதனால்தான் இத்தனை தாமதம்.

“பழைய பெட்டிங்க செத்துப்போச்சா, வேலைய விட்டுதா?”

“வேலைய விட்டுது.”

“அப்ப உசிரோட இருக்குல்ல?”

மறுநாளே டைரக்டர் தலைமையில் பதினொன்றையும் பக்கத்துச் சாமான் அறைக்கு மாற்றி, மின்சாரம் கொடுத்து, கதவைச் சாத்தினோம். கோப்பில் ‘அவசரத் தேவைக்கான கையிருப்பு’ என்று பதிவாகியிருக்கிறது. ஒன்றிலும் ஒரு கம்பிகூடச் செருகவில்லை. ஸ்வெதாங்கா வந்து எல்லாச் சரத்தையும் பிரித்து, காம்பைத் தளர்த்திக் கோத்தாள். இரண்டு சரம் பூஞ்சையில் போனது, அது டைரக்டருடையது. உங்கள் ஆறும் வெள்ளிக்கிழமை மால்மோ பஸ்ஸில் வருகிறது.

மின் பயன்பாட்டு அறிக்கை நேற்று வந்தது. புதிய நெட்வொர்க் வந்த பிறகு பயன்பாடு குறையவில்லை, சற்றுக் கூடியிருக்கிறது. விளக்கம் கேட்டு டைரக்டர் தயாரிப்பாளருக்கு எழுதியிருக்கிறார்.